சிஸ்டர், ஏழைப் பிள்ளைகளிடம் ஏன் கட்டணம் வாங்குகிறீர்கள்?

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சிஸ்டர், நைரோபியில் குடிசைப் பகுதியில் உங்கள் சபை ஆரம்பப் பள்ளி நடத்துகிறது. கென்யாவில் தொடக்கக் கல்வி இலவசம் என்று படித்தேன். அப்புறம் எதற்கு அந்த ஏழைகளிடம் கட்டணம்?" கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டிருக்கிறார். அங்கே போன புதிதில் எனக்கும் இதே கோபம் இருந்தது.

இலவசம் என்பது உண்மைதான். 2003 ஜனவரியில், கிபாகி அதிபரான கையோடு, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். வகுப்பறையும் ஆசிரியரும் அந்த வேகத்தில் வந்து சேரவில்லை. நாங்கள் இருக்கும் முக்குரு, நைரோபியின் தொழிற்பேட்டையை ஒட்டித் தகரக் கொட்டகைகளாக நெருக்கியடித்துக் கிடக்கிற இடம். குடியிருப்பவர்கள் பெயரில் நிலம் கிடையாது. குடிதண்ணீரே இருபது லிட்டர் கேனுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், நடந்து போகிற தூரத்தில் அரசுப் பள்ளி வேண்டுமென்றால் எங்கே போவது?

இன்னொன்று, அங்கே கத்தோலிக்கப் பள்ளி என்றால் இரண்டு வகை. ஒன்று, திருச்சபை தொடங்கி இப்போது அரசுப் பள்ளியாக நடப்பது. ஆசிரியர் பணி ஆணையம் சம்பளம் கொடுக்கும். திருச்சபைக்கு 'ஸ்பான்சர்' என்று பெயர், சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அங்கே கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது. இன்னொரு வகை எங்களுடையது. சம்பளம், சுண்ணக்கட்டி, விறகு, எல்லாமே நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

"வெளிநாட்டிலிருந்து பணம் வருமே" என்பீர்கள். வரும். கட்டடம் கட்ட வரும், சுவருக்குப் பெயின்ட் அடிக்க வரும், கணினி வாங்க வரும். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்கலாம் பாருங்கள். மூன்றாம் வகுப்பு டீச்சரின் மார்ச் மாதச் சம்பளத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. ஒரு வருடம் சம்பளத்தையே ஒருவர் ஏற்றுக்கொண்டார். நாங்களும் மகிழ்ந்துபோய்க் கட்டணம் வேண்டாம் என்று அறிவித்துவிட்டோம். இரண்டாம் பருவத்தில் பணம் நின்றது. இரண்டு நல்ல டீச்சர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அவர்களுக்கும் வீட்டு வாடகை உண்டு. மறுபடியும் கட்டணம் என்று பெற்றோரிடம் போய் நின்றோமே, அந்தக் கூட்டத்தை நான் மறக்கமாட்டேன்.

இப்போது, எங்கள் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் பாக்கி வைத்த பிள்ளைகளைத் திங்கட்கிழமை காலை வீட்டுக்கு அனுப்புவது அங்கே பல பள்ளிகளில் வழக்கம். நாங்களும் ஒரு முறை அனுப்பினோம். மதியம் கேட்டைத் திறந்தால், இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், பை மடியில். அவன் அம்மா வீடு வீடாகத் துணி துவைக்கிறவர். விடிவதற்கு முன்பே கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவனுக்குப் போக இடமே இல்லை. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டோம்.

இப்போது பாக்கியைப் பிள்ளையிடம் கேட்பதில்லை. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவோம். ஒருவர் பெஞ்சு பழுது பார்த்துக் கழிப்பார், ஒருவர் சமையலுக்கு வருவார். மற்றவர்கள் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியாக அனுப்புவார்கள். கூலி கையில் கிடைப்பதே இருட்டிய பிறகுதானே, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் என் போன் 'டிங்' என்று கத்த ஆரம்பிக்கும். ஐம்பது ஷில்லிங், எழுபது ஷில்லிங். ஒரு பருவக் கட்டணம் இப்படிப் பத்துப் பதினைந்து துண்டாக வந்து சேரும். கணக்கு எழுதுகிற சிஸ்டருக்குத்தான் தலைவலி.

அந்தக் காசில் பெரும்பங்கு வாத்தியார் சம்பளத்துக்குப் போகிறது, அடுத்தது சாப்பாட்டுக்கு. காலையில் ஊஜி, அதாவது கஞ்சி. மதியம் கிதேரி, காய்ந்த மக்காச்சோளத்தையும் பீன்ஸ் விதையையும் சேர்த்து வேக வைப்பது. இரண்டையும் முதல் நாள் ராத்திரியே ஊறப்போட மறந்தால் அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டியதுதான், விறகு தீர்ந்துபோகும், சோளம் மட்டும் வேகாது. ஒரு பெண்பிள்ளை தினமும் பாதியை டப்பா மூடியில் ஒதுக்கி வைப்பாள், வீட்டில் தம்பிக்கு. சமைக்கிற அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இன்னொரு கரண்டி போட்டுவிடுவார். பருவத்தின் கடைசி நாளில் சப்பாத்தி போட்டால் போதும், திருவிழாதான். இந்தியாவிலிருந்து போன சப்பாத்தி அங்கே விசேஷ நாள் பண்டம் ஆகிவிட்டது!

கேள்வியின் கடைசியில், "எல்லாரையும் ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வீர்களா" என்றும் இருக்கிறது. இல்லை. எங்களிடம் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெந்தகோஸ்தே சபைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அங்கே பாடத்திட்டத்திலேயே கிறிஸ்தவ, இஸ்லாமிய, இந்து சமயக் கல்வி மூன்றும் தனித்தனியாக உண்டு.

அப்புறம், "நோட்டுப் புத்தகம் அனுப்பட்டுமா சிஸ்டர்" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி, நைரோபியில் நோட்டு கிடைக்கிறது, கப்பல் செலவுதான் வீண். சமைக்கிற அம்மாவின் ஒரு வருடச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா, பாருங்கள். கல்வெட்டு மட்டும் கேட்காதீர்கள். சரி, அடுத்த கேள்வி யாருடையது?