அதிர்வைப் பதிவது: மலையிலேயே முடித்துவர வேண்டிய வேலை

அவைக்கு வணக்கம். பெரியோர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, தேயிலை ஸ்டோர்களில் மெஷினோடு மெஷினாக நிற்கும் தம்பி தங்கைகளே!

புல் வெட்டும் மெஷின், கவ்வாத்து மெஷின், கொழுந்து ஏற்றும் ட்ரக்டர், கருங்கல் குவாரியின் ஜாக்ஹாமர். இவற்றின் அதிர்வு தொழிலாளியின் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பதைக் கையடக்க மீட்டர் ஒன்றே அளந்துவிடும். ஆனால் அது தருவது ஓர் எண். அந்த எண் இருக்கையால் கூடியதா, கல் பாதையால் கூடியதா, பிளேட் தேய்ந்ததால் கூடியதா என்று மீட்டரைக் கேட்டால் பதில் வராது. அதற்குத்தான் அலையை முழுதாகப் பதிந்துவந்து மேசையில் வைத்துப் பிரிக்கிறோம். பதிவில் ஏறாத எதையும் எந்தக் கணினியாலும் பிறகு வரவழைக்க முடியாது. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் எத்தனை தடவை ஆடுகிறது என்ற கணக்கு. அதை ஹேர்ட்ஸில் சொல்கிறோம். உட்கார்ந்தவருக்கு வரும் முழு உடல் அதிர்வை ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேச நியமம் 0.5 முதல் 80 ஹேர்ட்ஸ் வரை பார்க்கச் சொல்கிறது. கை வழியாக ஏறுவதை ஐஎஸ்ஓ 5349 நியமம் 8 முதல் 1000 ஹேர்ட்ஸ் பட்டைகளில் பார்க்கிறது. பாட்டுப் பதியும் டேப் இங்கேதான் நம்மை ஏமாற்றும். சாதாரண முறையில் காந்த நாடாவிலிருந்து வரும் மின்னழுத்தம் மீடிறனோடு சேர்ந்து இறங்கும். 1 ஹேர்ட்ஸில் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் அந்தக் காலத்து ஆய்வாளர்கள் அலையின் ஏற்ற இறக்கத்தை மீடிறன் மாற்றமாக எழுதும் எஃப்எம் முறை டேப்பைச் சுமந்து திரிந்தார்கள். அது பூச்சிய ஹேர்ட்ஸ் வரை பதியும். ஆனால் நாடா ஓட்டத்தின் சிறு தடுமாற்றம்கூட இரைச்சலாக விழும். பெரிய அதிர்வுக்கும் சின்ன அதிர்வுக்கும் இடையே அது தாங்கும் வீச்சு 40, 50 டெசிபெல்தான். பிறகு வந்த டாட் என்ற டிஜிட்டல் நாடாவில் வீச்சு 90 டெசிபெல் அளவுக்கு விரிந்தது. ஆனாலும் கடையில் வாங்கும் ஒலிப்பதிவு டாட்டின் உள்ளீட்டில் கொள்ளளவி (கபாசிட்டர்) என்ற மின் உறுப்பு ஒன்று இருக்கும். தாழ்ந்த மீடிறனை அது வாசலிலேயே நிறுத்திவிடும். இன்றைய மெமரி கார்ட் ரெக்கோடருக்கும் இதே கதைதான்.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்கப் பலர், தெரிந்த அளவு அதிர்வைத் தரும் சோதனைக் கருவியான கலிபிரேட்டரையே நம்புகிறார்கள். வழக்கமான கலிபிரேட்டர் 159.2 ஹேர்ட்ஸில் 10 மீ/செ² அதிர்வைத் தருகிறது. ஒலிப்பதிவுக் கருவியும் அதை அழகாகப் பதியும், எண்ணும் சரியாக வரும், 1 ஹேர்ட்ஸ் மட்டும் காணாமல் போயிருக்கும்! நிலையான ஆர்முடுகலையும் (வேகம் மாறும் வீதத்தையும்) அளக்கும் அதிர்வு உணரி உங்களிடம் இருந்தால், பதிவு ஓடும்போதே அதை மேசையில் நிமிர்த்தி வையுங்கள், பிறகு கவிழ்த்து வையுங்கள். புவியீர்ப்பு திசை மாறுவதால் 19.6 மீ/செ² அளவுக்கு ஒரு படி விழ வேண்டும். அந்தப் படி அப்படியே நின்றால் கருவி நல்லது. மெல்லச் சரிந்து கோட்டுக்குத் திரும்பினால் அதை முழு உடல் வேலைக்குத் தொடாதீர்கள்.

தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். ட்ரக்டர் குழியில் விழும்போது அது கெயினை, அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் அளவைக் குறைக்கும், சமதரையில் கூட்டும். முடிவில் நோர்வூட் குழிப் பாதையும் தார் ரோட்டும் ஒன்றாகிவிடும். எம்பி3 போன்ற சுருக்கமும் வேண்டாம். காதுக்கு வேண்டாததை நீக்கத்தான் அதைச் செய்தார்கள். நமக்கு வேண்டியது அதுதான். உடம்பைக் கூடுதலாகப் பாதிக்கும் மீடிறனுக்குக் கூடுதல் மதிப்பும் மற்றதற்குக் குறைந்த மதிப்பும் தரும் நிறையிடும் வடிகட்டியையும் பதிவுக்கு முன் போடாதீர்கள். கை அதிர்வுக்கான நிறை 500 ஹேர்ட்ஸில் சமிக்ஞையை ஏறத்தாழ 30-இல் ஒரு பங்காக்குகிறது. அப்படியே பதிந்தால் அந்தப் பகுதி இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். வெறும் அலையைப் பதியுங்கள், நிறையை மேசையில் போடலாம்.

கம்பி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். அழுத்தம் பட்டால் மின்னேற்றம் தரும் படிகம் கொண்ட பீசோ வகை உணரியின் கம்பி ஆடினாலே மின்னேற்றம் பிறக்கும், அது தாழ்ந்த மீடிறனில் அதிர்வு மாதிரியே தெரியும். உணரியை விட்டு வெளியே வந்த உடனேயே கம்பியை ஒட்டுநாடாவால் கைப்பிடியோடு கட்டுங்கள். நம் மலையில் இன்னொரு தொல்லை: பனிமூட்டத்தில் இணைப்பான் ஈரமானால் மின்காப்பு குறைந்து பதிவின் கோடு அலையும். குளிரில் இருந்த டாட் கருவியை ஸ்டோரின் சூட்டுக்குள் கொண்டுபோனால் தலை உருளையில் நீர் படிந்து கருவி தானே நின்றுவிடும். உறையோடு உள்ளே வைத்து, சூடு சமமான பிறகே திறக்க வேண்டும்.

ஜாக்ஹாமரில் நேரடியாகப் பீசோ உணரியைப் பூட்டினால், அடியின் உச்சியில் உணரி தடுமாறி அடிக்கோடே இடம் பெயரும். பகுத்துப் பார்த்தால் மெஷின் கொடுக்கவே முடியாத தாழ்ந்த மீடிறனில் பெரிய ஆற்றல் நிற்கும். அந்தப் பதிவைத் திருத்த முடியாது, வீசத்தான் வேண்டும். உணரிக்கு அடியில் ரப்பர் போன்ற இயந்திர வடிகட்டி ஒன்றை முன்கூட்டியே வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

ஒரு தடத்தைப் பேச்சுக்கு விடுங்கள். “கொண்டை ஊசி வளைவு”, “சுமை இல்லை”, “டிரைவர் இறங்குகிறார்” என்று சொல்லிக்கொண்டே போங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கையில் வைத்த உணரித் தட்டில் வரும் பெரிய குத்து ட்ரக்டரின் அதிர்வு அல்ல. குரல் இல்லாவிட்டால் அதை வெட்டி எடுக்கத் தெரியாது. கெயினை மாற்றினால் அதையும் வாயால் சொல்லுங்கள். 0.5 ஹேர்ட்ஸ் வரை நம்பத் தகுந்த முடிவுக்கு 227 செக்கன்களாவது வேண்டும். 20 நிமிடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மேசைக் கணக்கு எளிது. நிறையிட்ட செங்குத்து அதிர்வு 0.8 மீ/செ² என்றும், டிரைவர் 4 மணித்தியாலம் ஓட்டுகிறார் என்றும் வைப்போம். 4-ஐ 8 மணித்தியால வேலைநாளின் 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 0.8-ஆல் பெருக்கினால் 0.57. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 பணிப்புரை நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு 0.5, தாண்டக்கூடாத அளவு 1.15. இருக்கைக்கு நேர்கீழே தரையிலும் ஓர் உணரியை வைத்துச் சேர்த்துப் பதிந்திருந்தால், இருக்கையின் நிறையிட்ட மதிப்பைத் தரையின் மதிப்பால் வகுத்துப் பாருங்கள். 1-ஐத் தாண்டினால் அந்த இருக்கை அதிர்வைக் கூட்டிக் கொடுக்கிறது, முதலில் அதை மாற்றச் சொல்லலாம். 1-க்கு நன்றாகக் கீழே நின்றால் இருக்கை தன் வேலையைச் செய்கிறது. பாதையையும் வேகத்தையும் பற்றித் தோட்டத் துரையிடம் பேச வேண்டியதுதான்.