பினாங்கு வரை வலது கை மரத்துப்போகாமல் வந்தேன்: திராட்டல் லாக் அனுபவம்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது பினாங்குப் பாலம். விடியும்போது கோலாலம்பூர் செந்தூலில் மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன், 350 கிலோமீட்டர் போல வந்திருக்கும். முதலில் இந்தக் கையைப் பாருங்கள். ஐந்து விரலும் நன்றாக மடங்குகிறது. போன தடவை இதே கடலோரத்தில் ஹெல்மெட் வாரைக் கழற்றக்கூட வலது கை வரவில்லை.

ஆக்சிலேட்டரைத் தானாக மூட உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. நெடுஞ்சாலையில் அந்த ஸ்பிரிங்கோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம். கூடவே இன்ஜின் அதிர்வு. எனக்குத் தாப்பா வருவதற்குள் சுண்டுவிரல் மரத்துவிடும்.

இதோ, கைப்பிடிக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறதே, இதுதான் திராட்டல் லாக். கட்டைவிரலால் இந்தப் பொத்தானை அழுத்தினால், உரசல் பிடிப்பில் ஆக்சிலேட்டர் முறுக்கிய இடத்திலேயே நிற்கும். அவ்வளவுதான். குரூஸ் கன்ட்ரோல் என்று நினைத்து வாங்காதீர்கள். அது வேகத்தைப் பிடித்து வைக்கும், இது கைப்பிடியை மட்டும்தான் பிடித்து வைக்கும். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் போட்டால் வண்டி தளரும், இறக்கத்தில் தானாக வேகம் கூடும். லோரிகள் திணறி ஏறுகிற அந்த இடத்தில் நான் இதைத் தொடுவதே இல்லை.

சமதளம், நேர்ச்சாலை, முன்னால் நல்ல இடைவெளி. அப்போதுதான் போடுவேன். தைப்பிங் தாண்டி ஜூரு வரை அப்படி நிறைய இடம் கிடைக்கும். அரை நிமிடம் விரல்களை விரித்து மடக்கினால் இரத்தம் ஓடுவது தெரியும். கையைத் தொடையில் வைக்காதீர்கள், பிரேக் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் ஒரு கடையில் பொருத்தினேன். ரப்பரோடு ஒட்டி இறுக்கிவிட்டார்கள், நானும் சோதிக்கவில்லை. ஓய்விடத்துக்குள் திரும்பும்போது லாக்கை எடுத்தேன், ஆக்சிலேட்டர் முழுசாக மூடவில்லை. முன்னால் குழந்தையோடு ஒரு குடும்பம் கடந்து போகிறது. கிளட்சைப் பிடித்து நிறுத்திவிட்டேன், ஆனால் அந்தக் குழந்தையின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் பொருத்தியதும், இன்ஜினை அணைத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள். லாக் போட்டபடியே கையால் திருப்பினால் மூட வேண்டும். லாக்கை எடுத்தால் கைப்பிடி டக்கென்று தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாக வளைத்தும் பாருங்கள், பிரேக் லீவரில் எதுவும் இடிக்கக் கூடாது. இதில் ஒன்று சரியில்லை என்றாலும் கழற்றிவிடுங்கள்.

பாலத்தில்? போடவே கூடாது. 13.5 கிலோமீட்டரும் காற்று பக்கவாட்டில் தள்ளும். மழையிலும் அப்படித்தான். தேங்கிய தண்ணீரில் பின்சக்கரம் வழுக்கினால், அந்த நொடியே ஆக்சிலேட்டர் மூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது தைப்பிங்கில் மழை பிடித்தால் கம்பார் வரைக்கும் கையால்தான் ஓட்டுவேன். சரி, அக்கா சோறு போட்டுவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், கிளம்புகிறேன்.