சோசுவா: பீச்சுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

வணக்கம் மக்களே. டொமினிக்கன் ரிபப்ளிக்கோட வடக்குக் கரையில இருக்கிற சோசுவா சேஃபான ஊரான்னு மொட்டையா கேட்டா பதில் கிடையாது. எந்தத் தெரு, எத்தனை மணின்னு கேளுங்க.

நடுவுல வளைஞ்ச பீச். ஒரு பக்கம் எல் பதேய். 1940ல ஹிட்லர்கிட்ட தப்பிச்சு வந்த யூதர்கள் குடியேறி, பால் பண்ணை வச்ச இடம். இடம் கொடுத்தது அப்போ இந்த நாட்டை ஆண்ட சர்வாதிகாரி த்ருஹியோ. 1937ல ஆயிரக்கணக்கான பக்கத்து நாட்டு ஹைட்டிக்காரங்களைக் கொன்னு குவிக்கச் சொன்ன அதே ஆளு! இன்னைக்கு அங்க கனடா, ஜெர்மனி ரிட்டயர்டு ஆளுங்க, ஹோட்டல், பெட்ரோ கிளிசாந்தே தெருவுல செக்ஸ் டூரிசம். பீச்சுக்கு அந்தப் பக்கம் லோஸ் சரமிக்கோஸ், உழைக்கிற டொமினிக்கன், ஹைட்டி குடும்பங்க. பீச்சுக்குப் பின்னாடி இருக்கிற கடைவீதிப் பாதைதான் ரெண்டையும் சேர்க்குது. பகல்ல ஜேஜேன்னு இருக்கும். கடை மூடினதும் இருட்டு. அதுக்கப்புறம் அந்த வழியும் வேண்டாம், மணலும் வேண்டாம்.

இங்க டூரிஸ்ட் அதிகம் மாட்டுறது வழிப்பறியில. பைக்ல ரெண்டு பேர் வருவாங்க, பின்னாடி உக்காந்தவன் போனைப் பிடுங்குவான். ரோட்டோரம் மேப் பாக்காதீங்க, கடைக்குள்ள போய்ப் பாருங்க. பிடுங்கினா விட்டுடுங்க, கத்தியோ துப்பாக்கியோ இருக்கலாம். பணம் எடுக்க பகல்ல, பேங்குக்கு உள்ள இருக்கிற ஏடிஎம். தெரு மெஷின்ல கார்டை காப்பி அடிப்பாங்க. மோட்டோகோஞ்சோ, அதாவது பைக் டாக்சி, ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசுங்க, சில்லறை பெசோ வச்சுக்கோங்க. பார்ல கிளாஸை விட்டுட்டு எழுந்து போனா, திரும்பி வந்து அதைக் குடிக்காதீங்க.

வீடு எடுக்கிறவங்களுக்குக் கணக்கு வேற. கோடையில கனடா போயிட்டா, வீடு காலின்னு தெருவுக்கே தெரியும். ஜன்னல் கிரில் முக்கியம். கரண்ட் போனா கேமராவும் கேட் லைட்டும் செத்துடும், அதனால இன்வெர்ட்டர் லைன்ல அதையும் சேருங்க. காவலுக்கு இருக்கிறவரை இங்க "குவாச்சிமான்"னு கூப்பிடுவாங்க. ஆமாங்க, நம்ம வாட்ச்மேன்தான்! சம்பளத்தை இழுத்தடிச்சா காவலும் இழுக்கும்.

பறிபோச்சுன்னா அவசரத்துக்கு 911, டூரிஸ்ட் போலீஸ் பேரு செஸ்டூர். புகார் நகல் கையில வாங்காம வராதீங்க. இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்குறது அந்தப் பேப்பரைத்தான்.