வால் துண்டுக்காரர்கள்

எல்லாருக்கும் வணக்கம். ‘அம்மாவுக்கு யாரைப் பிடிக்கும்’ என்று தலைப்புக் கொடுத்ததும் எனக்கு எங்கள் வீட்டு மீன் சட்டிதான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா குழம்பில் கரண்டியை விட்டுத் துழாவுவாள். நடுத்துண்டு தம்பிக்கு, வால் எனக்கு. “உனக்குத்தான் முள் எடுக்கத் தெரியுமே” என்பாள். தம்பிக்கு அப்போது பதினொரு வயது. அந்த வயதில் நான் உலை வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிறீர்கள். கை தூக்கச் சொன்னால் இங்கே பாதிப் பேர் வால் துண்டுக்காரர்களாகத்தான் இருப்பீர்கள்.

புறநானூற்றின் 183ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் இதைப் போட்டு உடைத்துவிட்டான். ‘பிறப்பு ஓரன்ன உடன்வயிற்று உள்ளும், சிறப்பின் பாலால் தாயும் மனம் திரியும்.’ ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் படிப்பால் சிறந்தவன் பக்கம்தான் தாய் சாய்வாளாம். அந்த ராஜாவோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. படித்தவள் நான், வேலைக்குப் போனவள் நான். அம்மா சாய்ந்ததோ பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்ட தம்பியின் பக்கம். “நீ எப்படியும் பிழைச்சுக்குவ, அவன் என்ன பண்ணுவான்?” இதை அவள் பாராட்டாகத்தான் சொன்னாள் என்பது எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது. புரிந்த பிறகும் வலிக்கத்தான் செய்தது, அது வேறு.

ஒரு தடவை நேரடியாகவே கேட்டேன். “அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எந்த விரலை வெட்டினாலும் வலிக்கும்டி” என்றாள். அதே கையை வைத்து இரண்டு தீர்ப்பு! அப்புறம் நான் கேட்கவில்லை. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன், அந்தக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள்.

அமெரிக்காவில் ஜில் சூட்டர், கார்ல் பில்லெமர் என்ற சமூகவியலாளர்கள் 2001இலிருந்து பாஸ்டன் பக்கத்து வயதான தாய்மாரையும் வளர்ந்த பிள்ளைகளையும் தனித்தனியாகப் பேட்டி எடுத்தார்கள். பெரும்பாலான தாய்மார் தயங்காமல் ஒரு பிள்ளையைக் கைகாட்டினார்கள். ஆனால் அது யார் என்ற பிள்ளைகளின் ஊகம் பல தடவை தப்பாகப் போனது. அம்மாவுக்கு ரொம்ப நெருக்கம் நான்தான் என்று நினைத்தவர்களிடம் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரிந்தது. இதைப் படித்தபோது தம்பி ஒரு நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. “நீ கொடுத்து வச்சவ அக்கா. அம்மா உன்னைப் பத்திக் கவலையே படறதில்ல.” அவனுக்குத் தினமும் மூன்று போன் வரும். சாப்பிட்டியா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு, யாரோட சண்டை. எனக்கு வராத போனுக்காக நான் அழுதேன், வருகிற போனைப் பார்த்து அவன் பயந்தான்.

அதனால் இப்போது கணக்கையெல்லாம் அவனோடு நேரில் பேசுகிறேன். மாத்திரைச் செலவு அவனுடையது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்னுடையது. அம்மாவை நடுவில் வைத்துப் பேசுவதில்லை.

சொத்து விஷயத்தை மட்டும் இதோடு கலக்காதீர்கள், குறிப்பாகப் பெண்கள். தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் திருமணமாகாத மகள்களுக்கு 1989இலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. 2005இல் நாடு முழுக்க, கல்யாணமான மகள்களுக்கும் வந்தது. பெற்றவர்கள் சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதட்டும், அது அவர்கள் இஷ்டம். ஆனால் ‘எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று எழுதித் தருகிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அம்மாவுக்கு நம் மேல் பிரியம் வந்துவிடும் என்று நினைத்துப் போடாதீர்கள். அப்படிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பிரியமும் வரவில்லை, பங்கும் போனது.

போன மாதம் அம்மா என் வீட்டில் இருந்தாள். வஞ்சிர மீன் வாங்கி, நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, “இதை மூடி வை, தம்பி சாயந்திரம் வருவான்” என்றாள். சரி என்று மூடி வைத்தேன். அவன் வரவில்லை. ராத்திரி நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.