லிஃப்ட் இருக்கு, படியும் இருக்கு

வணக்கம். இந்த வானொலியில் பேச எனக்கு எட்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள், ஏனென்றால் இந்தக் கதையைத் தொடங்கினால் எதிரில் இருப்பவரின் தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டும்வரை நான் விடமாட்டேன். கதை என்னவென்றால், நம்முடைய லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் இருக்கிற படிகள்.

பல வருடத்துக்கு முன் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தா. கையில் வோக்கர், முழங்கால் இரண்டும் சரியில்லை. ஒரு நாள் நகரத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை, அது ஒன்று மட்டும் அப்படி இல்லை என்பதால். லிஃப்ட் இருக்கிறது என்று பார்த்துத்தான் போனேன். பெரிய லிஃப்ட், முப்பது நாற்பது பேர் நிற்கலாம். இறங்கினோம், கதவு திறந்தது, ஒரு வளைவு, அதற்குப் பிறகு பார்த்தால் கீழே போக ஒரு படிக்கட்டு. அம்மா வோக்கரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "தம்பி, லிஃப்ட் எண்டு சொன்னியே, இஞ்சை என்ன திரும்பவும் படி?" நான் வோக்கரை மடக்கித் தோளில் போட்டேன், அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கினா. பதினெட்டுப் படி. இன்றைக்கும் எண்ணிக்கை ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் எண்ணியது அம்மா, சத்தமாக.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்துதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. லிஃப்ட் வைத்தவர்கள் ஏன் அந்தக் கடைசிப் படிகளை விட்டார்கள்?

விட்டதற்குக் காரணம் வயதுதான். 1906, 1907 வாக்கில் ஆழமான நிலையங்கள் பலதைத் தோண்டியபோது லண்டன் பாதாள ரயிலில் எஸ்கலேட்டரே வரவில்லை. அதனால் எல்லாரையும் லிஃப்டில்தான் இறக்கினார்கள். ஆனால் அந்த லிஃப்ட் நடக்க முடியாதவருக்காக வைத்ததல்ல, நடக்கிறவர்களைக் கூட்டமாக ஏற்றி இறக்க வைத்தது. ஆகவே அதைத் தண்டவாளத்துக்கு மேலே ஒரு மட்டத்தில் நிறுத்திவிட்டார்கள், மிச்சத்துக்குச் சின்னப் படிக்கட்டு. கோவன்ட் கார்டன் போய்ப் பாருங்கள், 1907இல் திறந்தது. ஹாம்ஸ்டெட்டும் அதே வருடம், லண்டன் பாதாள ரயிலிலேயே ஆழமான லிஃப்ட் அங்கேதான், ஏறக்குறைய 55 மீட்டர். இரண்டிலும் லிஃப்ட் ஓடுகிறது, இரண்டிலும் சக்கர நாற்காலியில் ரயிலடிக்கு, அதாவது ரயில் வந்து நிற்கிற மேடைக்கு, போக முடியாது. லிஃப்ட் வேண்டாம் என்று படியில் போனால் கோவன்ட் கார்டனில் 193 படி, ஹாம்ஸ்டெட்டில் 320. அதை விடுங்கள், அதை யாரும் விரும்பி இறங்குவதில்லை. நான் சொல்வது லிஃப்டுக்குப் பிறகு வருகிற படிகளை.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்றைச் சொல்லாமல் போக மாட்டேன். 1911 அக்டோபரில் ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் லண்டன் பாதாள ரயிலின் முதல் எஸ்கலேட்டர் ஓடத் தொடங்கியது. நகர்கிற படியில் கால் வைக்க சனம் பயந்ததாம். பயம் தெளியட்டும் என்று பம்பர் ஹாரிஸ் என்ற ஒற்றைக்கால் மனிதரை மரக்காலோடு நாள் முழுக்க மேலும் கீழும் போய்வரச் சொன்னார்களாம். இவரே போகிறார், உனக்கென்ன என்கிற மாதிரி. இது வெறும் கட்டுக்கதை என்பவர்களும் உண்டு, அதை நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கால் இல்லாத ஒருவரை முன்னுக்கு நிறுத்தி ஒரு இயந்திரத்தைப் பிரபலமாக்கியதாகக் கதை சொல்கிறார்கள், அந்த இயந்திரமோ பிறகு லிஃப்டுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பின் கட்டிய நிலையங்கள் பலதில் லிஃப்டே வைக்கவில்லை, எஸ்கலேட்டர் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நம்முடைய டூட்டிங்கை எடுங்கள். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போகாத தமிழர் உண்டா? டூட்டிங் புரோட்வே நிலையம் 1926இல் மோர்டன் வரைக்கும் பாதையை நீட்டியபோது வந்தது. எஸ்கலேட்டரும் படியும் மட்டும். சென்ட் ஜோர்ஜஸ் ஆஸ்பத்திரிக்குக் கிட்டிய பாதாள ரயில் நிலையம் அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குக் கால் சரியாக இருக்கும்? படியில்லாமல் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் பாதையின் முடிவிலுள்ள மோர்டனுக்குப் போக வேண்டும். மொத்தமுள்ள 272 நிலையங்களில் தெருவிலிருந்து ரயிலடிவரை படியில்லாமல் போகக்கூடியவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

பழைய நிலையத்தில் ஒரு லிஃப்ட் வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். உங்கள் வீட்டு நிலவறையில் ஒரு கிணறு வெட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? மேலே யாரோ ஒருவருடைய கட்டடம், அதற்குக் கீழே காஸ் குழாய், தண்ணீர்க் குழாய், கழிவுநீர், மின்கம்பி, அதற்குக் கீழே இரண்டு சுரங்கம். அந்த இரண்டுக்கும் நடுவில் சரியாகப் போய் இறங்க வேண்டும், ரயிலும் நிற்கக்கூடாது. அதனால்தான் வருடக்கணக்காக இழுக்கிறது. கிரீன் பார்க்கில் 2011இல் ஒலிம்பிக்குக்கு முன் முடித்தார்கள். ஹரோ-ஒன்-த-ஹில்லில் லிஃப்ட் வர 2021 ஆனது. அந்தப் பாலத்துப் படிகளை நம்மவர்கள் எத்தனை பேர் தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பார்கள்!

கிரீன்போர்ட் மட்டும் ஒரு கெட்டிக்கார வேலை. அங்கே ரயிலடி மேலே, எஸ்கலேட்டர் தெருவிலிருந்து ஏறும். 1987இல் கிங்ஸ் குரொஸ் தீயில் 31 பேர் இறந்த பிறகு மர எஸ்கலேட்டர்களைக் கழற்றிக்கொண்டே வந்தார்கள், நிலத்துக்கு மேலே இருந்ததால் கிரீன்போர்டினது மட்டும் கடைசியாக 2014வரை தங்கியது. அதை எடுத்ததும் புதிதாகக் கிணறு வெட்டவில்லை, அதே சரிவில் ஒரு லிஃப்டைச் சாய்வாக ஏற்றிவிட்டார்கள், மலை ரயில் மாதிரி. 2015இல் ஓடத் தொடங்கியது. இருக்கிற சரிவையே பயன்படுத்துவது எனக்கு நிரம்பப் பிடித்த யோசனை. எல்லா இடத்துக்கும் சரிவராது, தெரியும். ஆனாலும்.

சரி, ரயிலடிக்கு வந்துவிட்டோம். முடிந்ததா? இல்லை, இன்னும் ஒரு படி இருக்கிறது. ரயிலடிக்கும் ரயிலுக்கும் இடையில் உயரம் வித்தியாசம். ரேய்னர்ஸ் லேனுக்கு அப்பால் அக்ஸ்பிரிட்ஜ் வரைக்கும் பிக்கடிலி ரயிலும் மெட்ரோபொலிட்டன் ரயிலும் ஒரே ரயிலடியில் நிற்கும். ஒன்று தாழ்வு, மற்றது உயரம். ரயிலடியை இரண்டுக்கும் நடுவில் கட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒன்றில் ஏறக் கீழே இறங்க வேண்டும், மற்றதில் ஏற மேலே ஏற வேண்டும். கேட்க வேடிக்கை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஐந்து அங்குலமும் சுவர்தான். விக்டோரியா பாதையில் ரயிலடியின் ஒரு துண்டை மட்டும் உயர்த்தி, குறிப்பிட்ட கதவுகளுக்கு மட்டமாக்கியிருக்கிறார்கள். வேறு சில இடங்களில் ஊழியர் ஒரு சாய்பலகையைக் கொண்டுவந்து போடுவார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடமாம். நியூயோர்க் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அது போய்விட்டது. ஒரே வரியில், அங்கே 472 நிலையங்கள், 2022இல் செய்த உடன்பாட்டின்படி 95 சதவீதத்தைச் சரிசெய்ய 2055வரை தவணை.

போகமுன் இதையாவது. வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இரண்டு விதம். நீல வட்டம் என்றால் தெருவிலிருந்து ரயிலுக்குள்ளேயே படியில்லை. வெள்ளை வட்டம் என்றால் ரயிலடிவரைக்கும்தான், அதற்குப் பிறகு சாய்பலகை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வீட்டைவிட்டு வெளிக்கிட முன் லிஃப்ட் ஓடுகிறதா என்று ஃபோனில் ஒருக்கால் பாருங்கள், போய்ச் சேருகிற நிலையத்தையும் சேர்த்து, நான் அதைத்தான் பார்க்காமல்... சரி சரி, பாட்டுப் போடுகிறார்கள். வணக்கம்.