‘கருப்புதான், ஆனாலும் களை’: அழகைச் சொல்லும் தமிழ்ச் சொற்கள்

வணக்கம். பெண் பார்த்துவிட்டுத் திரும்பிய வீட்டில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். மாப்பிள்ளையின் அத்தையோ சித்தியோ காபியை ஆற்றிக்கொண்டே சொல்வார்: “பொண்ணு கருப்புதான். ஆனாலும் முகத்துல நல்ல களை.” என் அக்காவைப் பற்றியும் இப்படிச் சொன்னார்கள். சொன்னவர் மனசார வாழ்த்தித்தான் சொன்னார். அந்த ‘ஆனாலும்’ மட்டும் எனக்குப் பல வருடமாக உறுத்துகிறது. அந்த உறுத்தல்தான் இந்த வீடியோ.

(திரையில்: களை)

முதலில் களையைப் பார்ப்போம். இது நிறம் கிடையாது. மூக்கு, கண் அளவும் கிடையாது. மூக்கும் முழியுமாக இருப்பவரிடமும் களை இல்லாமல் போகலாம். நாலு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தால் முகம் களையிழந்துவிட்டது என்கிறோம். நிச்சயதார்த்தம் முடிந்த பெண்ணுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது என்கிறோம். பந்தல் போட்ட வீடும் களைகட்டுகிறது. வந்து போகிற பொருள் அது. உள்ளே நடப்பது வெளியே தெரிவதற்கு நாம் வைத்த பெயர். இவ்வளவு நுட்பமான சொல்லை நிறத்துக்கு ஈடுகட்டும் ஆறுதல் பரிசாக்கிவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

(திரையில்: லட்சணம், இலக்கணம் இரண்டும் அருகருகே)

அடுத்தது லட்சணம். வடமொழியில் லக்ஷணம் என்றால் அடையாளம், வரையறை. அதுவே தமிழில் இலக்கணம் ஆனது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. இலக்கணம் தமிழ்ச் சொல்லே என்று வேர் காட்டுவோரும் உண்டு. எப்படியானாலும், லட்சணமாக இருக்கிறாள் என்றால் விதிப்படி அமைந்திருக்கிறாள் என்று பொருள். நெற்றி இப்படி, விரல் இப்படி, நடை இப்படி என்று சாமுத்திரிகா லட்சணம் விதி போட்டு வைத்திருக்கிறது. களையை நாம் உணர்கிறோம், லட்சணத்தைச் சரிபார்க்கிறோம். “நீ படிச்ச லட்சணம் தெரியாதா?” என்று வீட்டில் திட்டும்போதும் மார்க் போடுகிற அதே குரல்தான் கேட்கிறது.

இங்கே ஒரு விஷயம் என்னை அசர வைத்தது. சினிமா பக்கங்களில் ‘கிளாமர்’ என்று படிக்கிறோம் இல்லையா? அந்த ஆங்கிலச் சொல் பிறந்தது ஸ்காட்லாந்தில். இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’தான் அங்கே ‘கிளாமர்’ என்று திரிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில், ஏட்டைப் புரட்டுகிறவருக்கு மந்திரமும் தெரியும் என்று ஜனங்கள் நம்பினார்கள். அதனால் கிளாமர் முதலில் கண்கட்டு வித்தையைக் குறித்தது. மயக்கும் அழகு என்ற பொருள் பிறகு வந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு இடங்களில், இலக்கணத்தின் பக்கத்திலேயே அழகும் நிற்கிறது!

மந்திரம் நம்மிடமும் இருக்கிறது. “சாவி யார் வசம் இருக்கு?” என்று கேட்கிறோமே, அந்த வசம்தான் வசீகரத்தில் இருப்பது. வசப்படுத்துவது வசீகரம். வசியம் வைத்துவிட்டாள் என்ற ஊர்ப் பேச்சும் இதே வேர். வசீகரமான சிரிப்பு என்று சாதாரணமாக எழுதிவிடுகிறோம், உள்ளே ஒரு மந்திரவாதி உட்கார்ந்திருக்கிறார்.

(திரையில்: கவர்)

கவர்ச்சி இன்னும் முரட்டுச் சொல். கவர்தல் என்றால் பறித்துக்கொள்வது. எதிரியின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவதை வெட்சித் திணையில் ஆநிரை கவர்தல் என்பார்கள். மனம் கவர்ந்தவள் என்று சொல்லும்போது அதே வினைச்சொல்தான். ஒருவரின் குரலுக்கும் பேச்சுக்கும் கவர்ச்சி உண்டு. ஆனால் பத்திரிகைகள் ‘கவர்ச்சி நடிகை’ என்று எழுதி எழுதி, சொல் உடையின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதோடு அந்தத் தொடர் செய்கிற வேலையைக் கவனியுங்கள். பறிப்பவள் அவள், பார்க்கிறவர் பறிகொடுத்தவர். பார்த்த கண்ணுக்குப் பொறுப்பே இல்லாமல் போகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அணங்கும் வருத்துகிற சொல்தான். பழைய தமிழில் அது மனிதரைப் பிடித்து வாட்டும் தெய்வம். 1081-ஆம் குறளில் காதலன் அவளை முதன்முதலாகப் பார்க்கிறான். அணங்கோ, மயிலோ, கனத்த குழை அணிந்த பெண்ணோ, மயங்குகிறதே என் நெஞ்சு என்கிறான். அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டால், அந்தக் காதணியைத் தவிர நமக்கு எதுவும் தெரியாது. அவனுக்கு என்ன ஆனது என்பதுதான் தெரியும். ஆனால் இங்கே மயங்கியது தன் நெஞ்சு என்று அவனே ஒப்புக்கொள்கிறான். எனக்குப் பிடித்த இடம் அது.

ஆண்களுக்கு நம்மிடம் சொற்கள் கொஞ்சம்தான்: மிடுக்கு, தோரணை, கம்பீரம். கம்பீரம் என்றால் வடமொழி மூலத்தில் ஆழம்.

யாழ்ப்பாணத்தில் அழகுக்கு வடிவு என்பார்கள். “வடிவான பிள்ளை” என்பது போலவே “வடிவா யோசிச்சுச் சொல்லு” என்றும் சொல்வார்கள். அழகாக யோசிப்பதும் நன்றாக யோசிப்பதும் அவர்களுக்கு ஒன்று. இங்கேயும் “அது உனக்கு அழகில்ல” என்று நடத்தையைத்தானே சொல்கிறோம்.

(திரையில்: மாமை)

சரி, இப்போது அந்த ‘ஆனாலும்’. சங்கப் பாடல்களில் மாமை என்று ஒரு சொல் வருகிறது. மாந்தளிர் போன்ற கருஞ்சிவப்பு மேனி என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். நற்றிணையின் ஆறாம் பாட்டு அதை ஆம்பல் தண்டோடு ஒப்பிடுகிறது, அதுவும் நார் உரித்த தண்டு. உரித்ததும் தெரியும் அந்த ஈர மினுமினுப்பைப் பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும். தலைவியையே மாயோள், அதாவது கரிய நிறத்தவள் என்று ஆசையாக அழைக்கும் பாட்டுகளும் உண்டு.

இன்னொன்று. காதலன் பிரிந்தால் அவள் மேனியில் பசலை படரும். பசலை என்பது நிறம் வெளுத்துப் போவது. வெளுப்பு அங்கே துயரத்தின் அடையாளம்! குறுந்தொகை 27-இல் வெள்ளிவீதியார் பாடுகிறார்: நல்ல பசுவின் பால் கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் விழாமல், மண்ணில் வீணாவதைப் போல, எனக்கும் இல்லாமல் அவனுக்கும் இல்லாமல் என் ‘மாமைக் கவினை’ப் பசலை தின்னப் பார்க்கிறதே என்று. இந்த மேனி போய்விடுமே என்று அழுத மொழி இது. அதே மொழியில் இன்று வெளுப்பதற்கு க்ரீம் விளம்பரம் ஓடுகிறது. 1975-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுக்க 2020 ஆனது.

அடுத்த முறை மாமரம் தளிர்விடும்போது வெயில் படுகிற பக்கமாக நின்று பாருங்கள். செம்பும் கருமையும் கலந்து, எண்ணெய் தடவினாற்போல மின்னும். அந்த நிறத்தில் உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். எங்கள் வீட்டில் அக்கா இருக்கிறாள்.