குறைமாதக் குழந்தைக்கு ஆன்டிபயாடிக்: தொடங்குவது எப்போது, நிறுத்துவது எப்போது?

(திரை: இன்குபேட்டரில் குழந்தை, கையில் மெல்லிய ஊசிக்குழாய்)

37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடித்தே தீரும் என்றில்லை. உடம்பு சில்லிட்டுப் போகலாம். மூச்சு நின்று நின்று வரும், இதயத் துடிப்பு குறையும், வயிறு உப்பும். சிக்கல் என்னவென்றால், தொற்றே இல்லாமல், குறைமாதம் என்பதாலேயே இதெல்லாம் வரலாம்.

ஆனாலும் டாக்டர்கள் சந்தேகம் வந்ததுமே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும். சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு அந்தப் பங்கு கிடைப்பதில்லை. கிருமி ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும்.

(திரை: சின்ன பிளட் கல்ச்சர் பாட்டில்)

முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்துவிட வேண்டும். குறைந்தது 1 மில்லி. ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தமே 100 மில்லிக்குள்தான் ரத்தம் இருக்கும். அதற்காகக் கொஞ்சமாக எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம், அப்புறம் அந்த முடிவை நம்ப முடியாது.

பிறந்த 72 மணி நேரத்துக்குள் வரும் தொற்று பெரும்பாலும் தாயிடமிருந்து வருவது. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ. கோலை இரண்டும்தான் முக்கியக் கிருமிகள். அதனால் வழக்கமாக ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்த்துப் போடுவார்கள். அதற்குப் பிறகு வரும் தொற்று வார்டிலிருந்து, குழாய்கள் வழியாக, கைகள் வழியாக வருவது. அங்கே எந்தக் கிருமி நடமாடுகிறதோ அதைப் பொறுத்து மருந்து மாறும்.

ஜென்டாமைசின் விஷயத்தில் பெற்றோர் பதறுவதுண்டு: "நேத்து அந்த ஊசியே போடலையே?" மறந்துவிடவில்லை. முதிராத சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். 30 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு, ஆரம்ப நாட்களில், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்பது வழக்கம். உடம்பில் தேங்கினால் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் மருந்து இது.

(திரை: கடிகாரம், 36 – 48 மணி)

நிறுத்துவதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்பேன். 36 முதல் 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, குழந்தையும் தேறிவிட்டது என்றால், சரி, மருந்தை நிறுத்தலாம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று நாள் கணக்கில் நீட்டினால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழியும். இப்படி மருந்து நீட்டிக்கப்பட்ட குழந்தைகளில் குடல் அழுகல் நோயும், பின்னால் வரும் தொற்றும் அதிகம் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

கல்ச்சரில் கிருமி வளர்ந்தால் கதை வேறு. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்து மாற்றுவார்கள். மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று அறிய முதுகுத் தண்டு நீரையும் எடுத்துச் சோதிப்பார்கள். இருந்தால், கிருமியைப் பொறுத்து 14 அல்லது 21 நாட்கள் வரை ஊசி தொடரும்.